ஆக்டேவியா ஆர்எஸ்: முன்பாரத்தைக் குறைந்த செலவில் குறைக்க வழி உண்டா?

சிவப்பு_ஆர்எஸ் (சென்னை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2005-ஆம் ஆண்டின் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்று உள்ளது. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 150 குதிரைத்திறன், முன்சக்கர இயக்கம். இந்த வண்டிக்கு நான் மூன்றாவது உரிமையாளர். வார இறுதிகளில் குடும்பத்தோடு வெளியே செல்லவும், ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகவும் இதையே பயன்படுத்துகிறேன். நேர்ச்சாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், வேகமான நீண்ட வளைவுகளில் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டியின் மூக்கு வெளிப்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, அது மனமிரங்கித் திரும்பும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இதற்குக் காரணம் முன்பக்க எடைதான் என்று எண்ணி, சென்ற வாரம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள ஓர் எடை மேடைக்குக் கொண்டுபோனேன். அரை டேங்க் பெட்ரோலுடன், ஓட்டுநர் இல்லாமல், முழு வண்டி 1,350 கிலோ; முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தியபோது 850 கிலோ. அதாவது, எடையில் 63 சதவீதம் முன் அச்சின் மேல் இருக்கிறது.

இதற்கு முன்பே செய்த மாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். 17 அங்குல அலாய் சக்கரங்கள், பம்பருக்குப் பின்னால் பெரிய முன்பக்க இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விப்பது), 45 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள், எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகட்டாலான எஞ்சின் கார்டு. இனிமேல் செய்ய நினைப்பவை: ஃபைபர் பானெட் (28,000 ரூபாய் கேட்கிறார்கள்), லித்தியம் பேட்டரி, ஏசியைக் கழற்றுவது, முன்பம்பருக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தை எடுத்துவிடுவது, பின் இருக்கையைக் கழற்றுவது. கையில் இருப்பது 60,000 ரூபாய். இந்தத் தொகைக்குள் எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோவை_பட்டறை எழுதியது:

வணக்கம் தம்பி. எடை போட்டுப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பலர் அதைச் செய்வதில்லை. ஆனாலும் அந்த எடை மேடை லாரிகளுக்காகக் கட்டப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மேடைகள் 5 அல்லது 10 கிலோப் படிகளில்தான் காட்டும். ஆகவே, மூன்று கிலோ குறைத்துவிட்டு அங்கே போய் நின்றால் எண் அசையாமலும் இருக்கலாம், பத்து கிலோ குறைந்ததாகவும் காட்டலாம். முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் நிறுத்துப் பார்த்து, இரண்டின் கூட்டுத்தொகை முழு எடையோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். மேடை தரைமட்டத்தைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் அது பொருந்தாது. அன்றாடக் கணக்குக்குப் பழைய பேப்பர் வாங்குபவர் வைத்திருப்பது போன்ற கொக்கித் தராசு ஒன்றை வாங்கி, கழற்றும் ஒவ்வொரு பொருளையும் அதில் தொங்கவிட்டு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருள்தான். இந்த வேலைக்கு அதைவிடப் பயனுள்ள கருவி கிடையாது.

அடுத்தது, எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு இது தெரிந்த கணக்கு: முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நசுங்கும், பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், அதே மூட்டையை ஒரு முழம் தள்ளி வைத்தால் போதும், இரண்டும் சரியாகிவிடும். உங்கள் வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மீட்டர். முன் அச்சுக்கு முக்கால் மீட்டர் முன்னால், பம்பர் பக்கத்தில் பத்து கிலோ இருந்தால், அது முன்சக்கரங்களின் மேல் 13 கிலோவாக அமர்ந்து, பின்சக்கரங்களிலிருந்து 3 கிலோவைத் தூக்கிவிடுகிறது. அதே பத்து கிலோ அச்சுக்கு நேர் மேலே இருந்தால் பத்து கிலோதான். போதாததற்கு, மூக்கு நுனியில் இருக்கும் எடை வண்டி திரும்பத் தொடங்குவதையும் தாமதப்படுத்துகிறது; கம்பின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றுவதற்கும் நடுவில் கட்டிச் சுழற்றுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

இந்தக் கண்ணோடு உங்கள் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னியுங்கள். குறைக்க வேண்டிய எடையில் கணிசமான பங்கு நீங்களே பணம் கொடுத்து ஏற்றியது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது இந்த எஞ்சினின் இன்டர்கூலர் சிறியதாக, சக்கர வளைவுக்கு முன்னால் ஓர் ஓரத்தில் ஒடுங்கி இருக்கும். அதை எடுத்துவிட்டுப் பெரியதை மூக்கு நுனியில் வைத்திருக்கிறீர்கள். அதற்கான குழாய்களை உள்ளூரில் செய்திருந்தால் அவை இரும்பாகத்தான் இருக்கும். ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். 63 மில்லிமீட்டர் விட்டமும் 1.6 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள இரும்புக் குழாய் மூன்று மீட்டர் நீளத்துக்கு ஏழு கிலோவுக்கு மேல் வரும்; 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியக் குழாய் அதே நீளத்துக்கு மூன்று கிலோவுக்குச் சற்று மேல்தான்.

எஞ்சின் கார்டும் அப்படியே. 80 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர், 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் தகடு என்று வைத்துக்கொண்டால் 11 கிலோ. அதைக் கழற்றி எறிந்துவிடச் சொல்லமாட்டேன். இந்த எஞ்சினின் ஆயில் சம்ப் (ஆயில் நிற்கும் அடித்தொட்டி) அலுமினிய வார்ப்பு, நம் ஊர் வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கினால் உடைந்து எஞ்சின் ஆயில் முழுதும் தெருவில் போய்விடும், அதுவும் உங்களைப் போல் 45 மில்லிமீட்டர் தாழ்த்திய வண்டியில். 4 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் அதே வடிவத்தில் வெட்டி மடித்து வாங்குங்கள். ஐந்து கிலோவுக்குச் சற்று மேலே முடியும். நான்கைந்தாயிரம் ரூபாய் ஆகும். ஆறு கிலோ குறைவதற்கு அந்த விலை என்றால், கிலோவுக்கு 750 ரூபாய்.

நான் எல்லாவற்றையும் இப்படித்தான் பார்ப்பேன், ஒரு கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று. 28,000 ரூபாய் ஃபைபர் பானெட்டை இந்தக் கணக்கில் வையுங்கள். என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில் இரும்பு பானெட் 17 கிலோ இருந்தது. கையால் கண்ணாடி இழைப் பாய் வைத்து ரெசின் பூசிச் செய்த ஃபைபர் பானெட் 12 கிலோ. ரெசினைத் தாராளமாக ஊற்றுகிறவர் கையில் எடை குறைவதில்லை. ஐந்து கிலோவுக்கு 28,000 என்றால் கிலோவுக்கு 5,600 ரூபாய் ஆகிறது. வெள்ளித் தட்டு வாங்குவது போல. அதிலும் பானெட்டின் நடுப்பகுதி ஏறத்தாழ அச்சின் மேலேயே இருப்பதால் நெம்புகோல் லாபமும் பெரிதாக இல்லை. உயரத்தில் இருக்கும் எடை குறைகிறது என்பது மட்டுமே அதன் நன்மை.

பேட்டரி விஷயத்தில் லித்தியத்தை மறந்துவிடுங்கள். விலை ஒருபுறம் இருக்க, டர்போவின் சூட்டுக்குப் பக்கத்தில் அதை வைக்க எனக்கு மனம் ஒப்பாது. இப்போது இருப்பது 60 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 15, 16 கிலோ இருக்கும். ஐரோப்பியப் பனிக்காலத்தில் உறைந்த எஞ்சினைக் கிளப்புவதற்காகத் தேர்ந்தெடுத்த அளவு அது. சென்னையில் பெட்ரோல் எஞ்சினுக்கு 44 ஆம்பியர் மணியே போதும்; 12 கிலோவில் முடியும். அதை டிக்கிக்கு மாற்றினால் இன்னும் நல்லது. பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் 12 கிலோ அமர்ந்தால், முன்பக்கத்திலிருந்து பழைய பேட்டரியின் முழு எடையும் போவதோடு, நெம்புகோலால் மேலும் இரண்டு மூன்று கிலோ முன் அச்சிலிருந்து எழும்பும். செப்புக் கம்பி 35 சதுர மில்லிமீட்டர் என்றால் ஐந்து மீட்டருக்கு ஒன்றரை கிலோ, உறையோடு இரண்டு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பாதிதான் முன்பக்கக் கணக்கில் வரும். நம் வண்டியில் ஓட்டுநர் வலப்பக்கம் என்பதால் பேட்டரியை டிக்கியின் இடது ஓரத்தில் வையுங்கள்.

கடைசியாக, காசில்லாத ஒன்று. கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டு தடத்துக்குப் போகாதீர்கள். ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ. அந்தத் தொட்டி இருப்பதும் அச்சுக்கு முன்னால்தான்.

போரூர்_பொறியாளர் எழுதியது:

கோவை நண்பர் சொன்ன எடைக் கணக்குகளோடு எனக்கு வேறுபாடு இல்லை. அவர் பேசாமல் விட்ட இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பம்பருக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தைக் கழற்றும் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். அது பிளாஸ்டிக் பம்பரைத் தாங்குவதற்காக மட்டும் அங்கே இல்லை. மோதலின் விசையை வாங்கி இடது, வலது நீள்சட்டங்கள் இரண்டுக்கும் பகிர்ந்து கொடுப்பதும், அந்த நீள்சட்டங்கள் வடிவமைத்தபடி மடிய வழி செய்வதும் அதுதான். அது இல்லாத வண்டி ஒரு பக்கமாக மோதினால், அந்த ஒரு பக்க நீள்சட்டமே முழு அடியையும் வாங்கும். ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தைத் தீர்மானிக்கும் உணரிகளும் அந்தச் சட்டம் இருக்கிறது என்ற அனுமானத்தில்தான் அளவிடப்பட்டிருக்கின்றன. அலுமினியக் குழாயை வளைத்து மாற்றுச் சட்டம் செய்து தருகிறோம் என்று யாராவது முன்வந்தாலும் ஏற்காதீர்கள். பந்தயத்துக்கென்றே ரோல் கேஜ் (உள்ளிருப்பவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) பொருத்திய வண்டியின் கதை வேறு; நீங்கள் குடும்பத்தை ஏற்றிச் செல்கிறீர்கள்.

ஏசியைக் கழற்றினால் கம்ப்ரஸர், கண்டென்சர், குழாய்கள் எல்லாம் சேர்த்துப் பதினைந்து கிலோவுக்குப் பக்கத்தில் குறையலாம், அதிலும் கண்டென்சர் மூக்கு நுனியில் இருப்பதால் கணக்கில் கவர்ச்சியாகவே தெரியும். ஆனால் ஏசி வெறும் குளிர்ச்சிக்கு மட்டும் உரியதன்று. ஐப்பசி மழையில் முன்கண்ணாடியில் படியும் ஆவியை நொடியில் நீக்குவது அதுதான். சித்திரை வெயிலில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து குழந்தைகளோடு திரும்பி வருவதைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

சட்டத்தையும் மனத்தில் வையுங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்ட மூல அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தால் மாற்றி எழுதப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். அலுமினிய எஞ்சின் கார்டைப் பற்றி எவரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பம்பர் சட்டம் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் முதலில் குனிந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

மூன்றாம்_கியர் எழுதியது:

நண்பர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆயினும், கேள்வியே சற்றுத் தவறான இடத்தில் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 63 சதவீதம் என்பது முன்சக்கர இயக்க வண்டிக்கு நோய் அன்று. இந்த வகை வண்டிகள் பலவும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கின்றன. எஞ்சினும் கியர்பெட்டியும் இயக்கும் சக்கரங்களும் ஒரே பக்கத்தில் இருக்கும்போது எடை வேறு எங்கே போகும்? இந்த எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு. 60,000 ரூபாயில் அதை ஒன்றும் செய்ய முடியாது. பிடிமானம் இல்லாமல் சக்கரம் சுழலும் மழைநாளில், அந்த எடை முன்னால் இருப்பது நல்லது என்றே நினைப்பீர்கள்.

மூக்கு வெளியே தள்ளுவதற்கு அடிப்படைக் காரணம் டயரின் இயல்பில் இருக்கிறது. டயரின் மேல் பாரம் கூடும்போது பிடிமானமும் கூடுகிறது, ஆனால் அதே விகிதத்தில் கூடுவதில்லை. பாரம் இரட்டிப்பானால் பிடிமானம் இரட்டிப்பைவிடக் குறைவாகவே கிடைக்கும். வலது வளைவில் வண்டி சாயும்போது முன்பக்கப் பாரத்தின் பெரும்பகுதி இடது முன்டயர் ஒன்றின் மேல் போய் விழுகிறது. அந்த ஒரு டயர் திணறுகிறது. இதற்கு மருந்து இரண்டு: மொத்தப் பாரத்தைக் குறைப்பது ஒன்று, அதைத்தான் மேலே பேசினார்கள். வளைவில் பாரம் முன் அச்சில் இடம் மாறுவதைக் குறைத்து, அந்த வேலையைப் பின் அச்சுக்குக் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் மலிவானது. ஆக்டேவியாவின் பின் அச்சு முறுக்குச் சட்ட வகை. அதோடு போல்ட்டால் இணையும் கூடுதல் ஆன்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) கிடைக்கிறது. பின்பக்கத்தின் சாய்வு குறைய, முன்பக்கம் மூச்சு விடும். ஐந்து கிலோ எடை கூடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம், அது கூடுவது பின்பக்கத்தில்தானே.

ஆனால், உங்கள் கேள்வியைப் படித்தவுடன் என் கண்ணில் பட்டது 45 மில்லிமீட்டர் தாழ்த்திய ஸ்பிரிங். இந்த வண்டியின் முன் சஸ்பென்ஷன் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை. மூல உயரத்தில், சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கீழ்க்கை ஏறத்தாழ கிடைமட்டமாக இருக்கும். அதிகமாகத் தாழ்த்தினால் கையின் வெளி நுனி மேல்நோக்கிச் சாய்ந்துவிடும்; அப்போது முன்பக்கத்தின் சாய்வு மையம் (வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) தரையை நோக்கிப் பாய்ந்து இறங்குகிறது, வண்டியின் ஈர்ப்பு மையமோ அவ்வளவு இறங்குவதில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடுவதால், தாழ்ந்திருக்கும் வண்டி முன்பைவிட அதிகமாகச் சாய விரும்புகிறது; அதோடு, சாயும்போது வெளி டயர் நிமிர்ந்து நிற்பதற்குப் பதிலாக விளிம்பில் உருளத் தொடங்குகிறது. பார்ப்பதற்குப் பந்தய வண்டி போல் இருக்கும், திரும்பாது. இந்த வண்டியில் முன்சக்கரங்களின் சாய்கோணமான கேம்பரைத் தனியாகத் திருத்தும் வசதியும் இல்லை, கீழ்க்கைகளைத் தாங்கும் சப்ஃப்ரேமைச் சற்று நகர்த்தி இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் சமமாக்கலாம், அவ்வளவே. ஆகவே, பழைய ஆர்எஸ் ஸ்பிரிங்குகளைத் தேடிப் பிடித்து, வண்டியை அதன் பழைய உயரத்துக்கு அருகே கொண்டுவாருங்கள்.

ஒரு சிறிய சோதனை சொல்கிறேன். அடுத்த முறை தடத்துக்குப் போகும்போது நான்கு டயர்களின் தோள்பட்டையிலும் சாக்பீஸால் கோடு இழுத்துவிட்டு நான்கு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். முன்டயரில் கோடு பக்கச்சுவர் வரை அழிந்து, பின்டயரில் அப்படியே இருந்தால் நான் சொன்னதைப் புரிந்துகொள்வீர்கள்.

பின் இருக்கையைக் கழற்றுவதைப் பற்றி: முப்பது கிலோ குறைந்து மொத்தம் 1,320 ஆகும், ஆனால் அதில் முன் அச்சில் குறைவது நான்கு கிலோ மட்டுமே என்பதால் உங்கள் 63 சதவீதம் 64 ஆக ஏறிவிடும். சதவீதத்தை மட்டும் பார்த்தால் வண்டி கெட்டுவிட்டது. தடத்தில் ஓட்டிப் பார்த்தால் அது எல்லா விதத்திலும் மேலானதாக இருக்கும். எந்த எண்ணைத் துரத்துகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டு ஸ்பேனரைத் தொடுங்கள்.

கோவை_பட்டறை எழுதியது:

மூன்றாம் கியர் சொல்வதை ஏற்கிறேன்; ஸ்பிரிங் விஷயத்தை நான்தான் பிடித்திருக்க வேண்டும். ஆனால், முன்பாரத்தைக் குறைப்பது இரண்டாம் பட்சம் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். ஆன்டி-ரோல் பாரும் உயரமும் வளைவில் வண்டி நிற்கும் நிலையைச் சரிசெய்யும். முன்டயர் சூடேறித் தேய்வதையும், பத்தாவது சுற்றில் பிரேக் சோர்ந்துபோவதையும் எடைக் குறைப்புதான் சரிசெய்யும். எங்கள் கோவையில் கரிவரதன் மாருதி 800-இன் எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற பந்தய வண்டியை உருவாக்கினார். அந்தச் சிறிய எஞ்சினுக்கு வேகத்தைக் கொடுத்தது வண்டியின் எடையின்மைதான்.

சக்கரங்களை யாரும் பேசவில்லை என்பது எனக்கு வியப்பு. கடைகளில் கிடைக்கும் நகல் வடிவ 17 அங்குல அலாய்கள் பெரும்பாலும் கனமானவை. உங்களுடையதை டயரோடு தராசில் போட்டுப் பாருங்கள். தொழிற்சாலையின் பழைய 16 அங்குலச் சக்கரங்கள் கிடைத்தால், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கிலோ குறைய வாய்ப்பு உண்டு. அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது, சுழல்வதும்கூட. பள்ளத்தில் டயர் தரையை விடாமல் ஒட்டிக்கொள்வதை அன்றைக்கே உணர்வீர்கள்.

சிவப்பு_ஆர்எஸ் எழுதியது:

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்தருள்க. பம்பர் சட்டம், ஏசி, பானெட் மூன்றையும் தொடவில்லை. பின் இருக்கையும் அப்படியே இருக்கிறது. வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியவில்லை.

காந்தம் இன்டர்கூலர் குழாயில் டப்பென்று ஒட்டியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அலுமினியம் என்று சொல்லி என்னிடம் காசு வாங்கியவரை நினைத்துக்கொண்டேன். புதிய அலுமினியக் குழாய்களில் சரியாக நான்கு கிலோ குறைந்தது. எஞ்சின் கார்டில் ஆறு. பழைய பேட்டரி தராசில் 16 கிலோ காட்டியது. 12 கிலோ எடையுள்ள 44 ஆம்பியர் மணி மூடிய பேட்டரியை டிக்கியின் இடது ஓரத்தில் பெட்டிக்குள் வைத்துப் பட்டை போட்டுக் கட்டியாயிற்று. 17 அங்குலச் சக்கரம் டயரோடு 21.8 கிலோ என்று பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. பழைய 16 அங்குலச் சக்கரம் ஒரு செட் கிடைத்தது, டயரோடு 18 கிலோ. தண்ணீர்த் தொட்டியில் இப்போது ஒரு லிட்டர்தான்.

செலவுக் கணக்கு இது: எஞ்சின் கார்டு 4,500 ரூபாய், பேட்டரியும் கம்பியும் ஃபியூஸும் பெட்டியும் சேர்த்து 11,000, குழாய்கள் 6,500, பின் ஆன்டி-ரோல் பார் 9,000, பழைய ஸ்பிரிங்குகள் 4,000, 17 அங்குலச் சக்கரங்களை விற்ற பணம் போகச் சக்கரங்களுக்குக் கையிலிருந்து போட்டது 6,000, வீல் அலைன்மென்டுக்கும் சப்ஃப்ரேமை நகர்த்தியதற்கும் 2,000. ஆக மொத்தம் 43,000.

ஆன்டி-ரோல் பாரை மாட்டுவதற்கு முன், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, அதே எடை மேடைக்கு அதே அரை டேங்க் பெட்ரோலோடு போனேன். முழு வண்டி 1,320, முன் அச்சு 810, பின் அச்சு 510. கோவை அண்ணன் சொன்னது போல் மேடை பத்து கிலோப் படியில்தான் காட்டுகிறது. ஆனால் தராசுக் கணக்கும் நெம்புகோல் கணக்கும் சேர்த்து நான் எழுதி வைத்திருந்த 41 கிலோவோடு அது பொருந்துகிறது. மொத்தத்தில் குறைந்தது 30 கிலோதான், முன் அச்சில் மட்டும் 40 குறைந்திருக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்ற லாரி ஓட்டுநருக்கு விளக்கினேன், அவர் "பேட்டரியப் பின்னாடி வெச்சிட்டீங்களா?" என்று உடனே கேட்டார்.

ஒரு குழப்பத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் சாக்பீஸ் சோதனையை இருமுறை செய்தேன். எடைக் குறைப்பை மட்டும் முடித்துவிட்டு, தாழ்ந்த ஸ்பிரிங்கோடு போன முதல் முறை, இடது முன்டயரில் கோடு பக்கச்சுவர் வரை அழிந்தது. ஸ்பிரிங்கையும் ஆன்டி-ரோல் பாரையும் மாற்றிய பிறகு போன இரண்டாம் முறை, தோள்பட்டையோடு நின்றுவிட்டது. ஆகவே, மூக்கு வெளியே தள்ளியதில் பெரும்பங்கு மூன்றாம் கியர் சொன்ன காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். அதே சமயம், முதல் முறையே பிரேக்கின் நடத்தை மாறியிருந்தது. வழக்கமாக ஆறாவது சுற்றில் மிதி கீழே இறங்கத் தொடங்கும், இப்போது அரை மணி நேரமும் ஒரே உயரத்தில் நின்றது.

இன்னும் 17,000 ரூபாய் மீதமிருக்கிறது. டூயல் மாஸ் ஃப்ளைவீலை (அதிர்வை அடக்க இரண்டு பாகமாகச் செய்த, எஞ்சினோடு சுழலும் கனமான தட்டு) எடுத்துவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் போட்டால் நாலைந்து கிலோ குறையும் என்கிறார்களே, அதைச் செய்யலாமா?

கோவை_பட்டறை எழுதியது:

கிளட்ச் தேய்ந்து கியர்பெட்டியை எப்படியும் இறக்க வேண்டிய நாள் வரும்போது செய்யுங்கள், இப்போது வேண்டாம். என் வண்டியில் போட்டிருக்கிறேன். எஞ்சின் விரைவாக ஏறி இறங்குகிறது என்பது உண்மை, நியூட்ரலில் நிற்கும்போது கியர்பெட்டிக்குள் யாரோ சோழி உருட்டுவது போல் ஓசை வருகிறது என்பதும் உண்மை. மீதிப் பணத்தில் நல்ல பிரேக் பேடும் புதிய பிரேக் ஆயிலும் வாங்குங்கள்.

போரூர்_பொறியாளர் எழுதியது:

ஒன்றே ஒன்று. டிக்கியிலிருந்து வரும் அந்தக் கம்பி, ஃபயர்வால் (எஞ்சின் அறையைப் பிரிக்கும் தகடு) துளையைக் கடக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் போட்டிருக்கிறீர்களா? ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கிறதா? தகட்டின் விளிம்பு உறையை அறுத்துவிட்டால், ஃபியூஸைத் தாண்டி எஞ்சின் பக்கம் போகும் கம்பி மட்டுமே காப்பாற்றப்படும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள பகுதி பழுக்கக் காய்ந்து கம்பளத்தைப் பற்ற வைத்துவிடும்.

சிவப்பு_ஆர்எஸ் எழுதியது:

குரோமெட் போட்டிருக்கிறேன். ஃபியூஸ் எஞ்சின் பக்கத்தில்தான் இருக்கிறது. நாளைக் காலையே பேட்டரியின் முனைக்கு அருகே மாற்றிவிடுகிறேன். அதுவரை கம்பியைக் கழற்றி வைத்துவிட்டேன்.